1913-ல எடுத்த கலர் போட்டோவை எப்படிப் பார்க்கலாம்: ஒரு சிவப்பு டிரெஸ்ஸும் உருளைக்கிழங்கு மாவும்

எங்க ஃபேமிலி குரூப்ல ஒருத்தர் ஒரு போட்டோ ஃபார்வேர்ட் பண்ணியிருந்தாங்க. கடற்கரைல சிவப்பு டிரெஸ் போட்ட ஒரு பொண்ணு, முடிய விரிச்சு விட்டுட்டு உக்காந்திருக்கு, கீழ 1913-ல எடுத்த கலர் போட்டோன்னு போட்டிருந்தது. முகம் மெழுகு மாதிரி வழவழன்னு, டிரெஸ் பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு இருந்தது, யாரோ ஏதோ ஆப்ல போட்டு க்ளியர் பண்ணியிருக்காங்கன்னு பார்த்தவுடனே தெரிஞ்சது. மனசுக்கு என்னமோ மாதிரி இருந்ததால அன்னிக்கு ராத்திரியே அந்த க்ளியர் பண்ணாத ஸ்கேனைத் தேடி எடுத்து லேப்டாப்ல பெருசாக்கிப் பார்த்தேன், அப்பதான் புரிஞ்சது, அழுக்கு மாதிரி தெரியுதேன்னு அவங்க எதைத் தேய்ச்சு எடுத்தாங்களோ அதுலதான் அந்தப் படத்தோட கலரே இருக்கு. அதை எடுத்துட்டா கலர் எங்க இருந்து வந்ததுங்கிறதே போயிடும். அதனால இந்த மாதிரி ஒரு பழைய போட்டோவை எப்படி உக்காந்து பார்க்கணும்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன், கையோட அந்தப் படத்தையும் திறந்து வச்சுக்கிட்டுப் படிச்சீங்கன்னா நல்லா இருக்கும்.

படத்தை எடுத்தவர் மெர்வின் ஓ'கார்மன். தொழில்னு பார்த்தா இன்ஜினியர், இங்கிலாந்துல ஃபார்ன்பரோல இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரிக்கு தலைமையா இருந்தவர், போட்டோ எடுக்கிறது அவரோட ஆசை. இடம் டோர்செட் பக்கம் லல்வொர்த் கோவ்ங்கிற சின்ன வளைகுடா. பொண்ணு பேரு கிறிஸ்டினா, ரொம்ப நாள் இவரோட மகள்னுதான் எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க, அப்புறம்தான் தெரிஞ்ச குடும்பத்துப் பொண்ணுன்னு வெளிய வந்தது. ஒரே ஒரு படம் இல்ல, அந்தப் பொண்ணை வச்சு வரிசையா எடுத்திருக்காரு, அதுல பலதுலயும் சிவப்புதான். அது தற்செயல்னு நான் நினைக்கல, கைல இருக்கிற பிளேட் (ஃபிலிமுக்குப் பதிலா கேமராக்குள்ள வைக்கிற கண்ணாடித் தகடு) எந்தக் கலரை நல்லா வாங்கும்னு தெரிஞ்ச ஆளு பண்ணின வேலை அது.

அந்த பிளேட் பேரு ஆட்டோக்ரோம். பிரான்ஸ்ல லியோன்ல இருந்த லூமியேர் அண்ணன் தம்பி, அகஸ்த், லூயி ரெண்டு பேரும் 1903-ல பேட்டன்ட் வாங்கி 1907-ல விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாதான் பார்க்கிறதுல ருசியே, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. உருளைக்கிழங்கு மாவை நல்லா சலிச்சு, ரொம்ப நுணுக்கமான மணிகளை மட்டும் எடுத்து, மூணு பங்கா பிரிச்சு, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஒண்ணுக்கு பச்சை, ஒண்ணுக்கு நீலம் கலந்த ஊதான்னு சாயம் போட்டுருவாங்க. காய வச்சு மூணையும் ஒண்ணா கலந்து, பிசுபிசுன்னு வார்னிஷ் தடவுன கண்ணாடி மேல ஒரே ஒரு அடுக்கா ஒட்டவைப்பாங்க. மணிக்கும் மணிக்கும் நடுவுல இருக்கிற சந்துல கரித்தூளைப் போட்டு அடைச்சு, மேல ரோலர் விட்டு அழுத்தி, இன்னொரு வார்னிஷ் பூசி, அதுக்கும் மேலதான் போட்டோ எமல்ஷன், அதாவது வெளிச்சம் பட்டா மாறுற வெள்ளி கலந்த பூச்சு. ஒரு சதுர அங்குலத்துல சுமார் 40 லட்சம் மாவு மணி. ஒரு மணியோட அகலம் 10-ல இருந்து 15 மைக்ரான், நம்ம தலைமுடியோட தடிமன்ல அஞ்சுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க.

கேமராக்குள்ள இந்த பிளேட்டை திருப்பி வைக்கணும், கண்ணாடிப் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கும். வெளிச்சம் முதல்ல மாவு மணியைத் தாண்டித்தான் எமல்ஷனுக்குப் போகணும். சிவப்புத் துணில இருந்து வர்ற வெளிச்சத்தை சிவப்பு மணி விட்டுரும், பச்சையும் ஊதாவும் தடுத்துரும். டெவலப் பண்ணி, இருட்டும் வெளிச்சமும் இடம் மாறுற மாதிரி ரிவர்ஸ் பண்ணினதும், வெளிச்சம் புகுந்த மணிக்குப் பின்னாடி திறந்து கிடக்கும், புகாத மணிக்குப் பின்னாடி வெள்ளித்துகள் கருப்பா அடைச்சுக்கும். இப்ப அந்தக் கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சா, திறந்திருக்கிற மணி வழியா மட்டும் கலர் வரும். இதுக்கு நெகட்டிவ் கிடையாது, அந்தக் கண்ணாடியேதான் படம். 1913-ல அந்தக் கடற்கரைல அந்தப் பொண்ணோட டிரெஸ்ல பட்டுத் திரும்புன வெளிச்சம் எந்த மாவு மணி வழியா உள்ள போச்சோ, அதே மணி வழியாதான் இன்னிக்கும் சிவப்பு வெளிய வருது. இதை முதல் தடவை யோசிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் வேற எதுவும் ஓடல.

படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க, பத்து நிமிஷம்தான் ஆகும். மார்கழில வாங்கின கலர் கோலப்பொடி வீட்ல மிச்சம் இருக்கும்ல, அதுல ஆரஞ்சு, பச்சை, ஊதா மூணையும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து ஒரு தட்டுல நல்லா கலந்து, ஒரு கருப்புத் துணி மேல மெல்லிசா தூவுங்க. குனிஞ்சு மூக்கு படுற தூரத்துல பார்த்தா மூணு கலரும் தனித்தனியா, பொறி பொறியா தெரியும். எழுந்து நின்னு பார்த்தா ஒரு மாதிரி மங்கின சாம்பல் பழுப்பு, மூணு கலரும் எங்க போச்சுன்னே தெரியாது. இப்ப ஒரு ஓரத்துல மட்டும் கூட ரெண்டு சிட்டிகை ஆரஞ்சைத் தூவிட்டு மறுபடி எழுந்து நில்லுங்க, அந்த இடம் மட்டும் சூடாகி வர்ற மாதிரி தெரியும். எங்க அம்மா இதைப் பார்த்துட்டு, பொடியை எவ்வளவு நல்லா கலந்தாலும் அங்கங்க ஒரே கலர் திட்டுத் திட்டா நிக்குது பாருன்னு சொன்னாங்க. அவங்க சொன்னதுதான் ஆட்டோக்ரோமோட முக்கியமான சங்கதி. தனி மணி வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனா லட்சக்கணக்குல தாறுமாறா விழும்போது ஒரே கலர் மணிங்க அங்கங்க பக்கத்துப் பக்கத்துல கூடிக்கும், அந்தக் கூட்டம்தான் நம்ம கண்ணுக்கு பொரபொரன்னு தெரியுற டெக்ஸ்சர்.

சரி, இப்ப படத்துக்கு வருவோம். கிடைக்கிறதுலயே பெரிய ஃபைலா எடுங்க. ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியோட கலெக்ஷன்ல இருந்த படங்கள் இது, அந்தக் கலெக்ஷன் 2017-ல பிராட்ஃபோர்டுல இருந்து லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போயிடுச்சு, பேரைப் போட்டுத் தேடினா நல்ல ஸ்கேன் கிடைக்கும். ஷார்ப் பண்ணினது, கலர் ஏத்தினது, முகத்தை வழிச்சு எடுத்தது எல்லாத்தையும் ஒதுக்கிடுங்க. கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு ஸ்கிரீனை மஞ்சளாக்குற செட்டிங் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை மறக்காம ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா நீங்க பார்க்கிற மஞ்சள் பிளேட்டோடதா உங்க போனோடதான்னே தெரியாது. ரூம் லைட்டை அணைச்சிட்டு பிரைட்னஸை முழுசா ஏத்துங்க. ஆட்டோக்ரோம்ல வர்ற வெளிச்சத்துல பெரும்பகுதியை அந்த மாவும் கரியும் வெள்ளியும் குடிச்சிடும், கொஞ்சம்தான் வெளிய வரும், அதனால அந்தக் காலத்துலயே இதை டயாஸ்கோப்னு ஒரு மடக்குப் பெட்டில வச்சு, ஜன்னல் வெளிச்சத்தை பிளேட் வழியா விட்டு, கீழ இருக்கிற கண்ணாடில விழுற பிம்பத்தைத்தான் பார்ப்பாங்க. என் அபிப்பிராயம், புத்தகத்துல அச்சடிச்சுப் பார்க்கிறதை விட போன் ஸ்கிரீன்ல பார்க்கிறதுதான் ஒரிஜினலுக்கு நெருக்கம், ஏன்னா ரெண்டுலயும் வெளிச்சம் பின்னாடி இருந்து வருது, ரெண்டுலயும் மூணு கலர் குட்டிப் புள்ளிங்கதான் எல்லா கலரையும் உண்டாக்குது, என்ன, போன்ல அந்தப் புள்ளிங்க வரிசை பிசகாம நிக்கும், மாவு மணி விழுந்த இடத்துல கிடக்கும்.

முதல்ல கிட்டப் போகாதீங்க. போனைக் கையை நீட்டிப் பிடிச்சோ, லேப்டாப்னா நாலடி தள்ளி உக்காந்தோ ஒரு நிமிஷம் முழுப் படத்தையும் பாருங்க. சிவப்பு ஒண்ணுதான் முழுக் குரல்ல பேசும். மத்தது எல்லாம், கல், மணல், கடல், வானம், அடங்கின கலர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். வெள்ளையா இருக்க வேண்டிய இடம் எதுவும் சுத்த வெள்ளையா இருக்காது, பாலாடை மாதிரி ஒரு மங்கல் இருக்கும், அது பழசானதால மட்டும் வந்தது இல்ல, வெள்ளைங்கிறது அங்க மூணு கலர் மணியும் திறந்து கிடக்கிற இடம்தானே, அந்த மாவு மணியைத் தாண்டி வர்றதுக்குள்ள வெளிச்சம் அடங்கிடும்.

அடுத்து கன்னத்துக்குப் போங்க. மெதுவா ஜூம் பண்ணுங்க, ஒரேயடியா இழுக்காதீங்க. ஒரு கட்டத்துல அந்தத் தோல் நிறம் உடைய ஆரம்பிக்கும், ரோஸ், மஞ்சள்னு நினைச்சிட்டு இருந்த இடத்துல பச்சைத் திட்டு தெரியும், ஊதா தெரியும், நடுநடுல கரும்புள்ளி தெரியும். நாம மாநிறம்னு, செவப்புன்னு, வெளுப்புன்னு ஒத்தை வார்த்தைல சொல்ற தோல் எத்தனை கலர் சேர்ந்து நிக்குதுன்னு இந்தக் கண்ணாடி பிரிச்சுக் காட்டும். அப்புறம் அப்படியே பின்னாடி வாங்க, எந்த இடத்துல பச்சை மறைஞ்சு கன்னம் மறுபடி சூடாகுதுன்னு கவனிங்க. அந்தப் புள்ளில நிறுத்தி முன்ன பின்ன ரெண்டு மூணு தடவை போய் வாங்க. அந்த ஃபார்வேர்ட் படத்துல இந்த இடம் முழுக்க ஒரே பீச் கலர்ல வழிச்சு விட்டிருந்தது, அதுல கிட்டப் போனாலும் தள்ளி வந்தாலும் ஒண்ணும் நடக்காது.

ஒரு எச்சரிக்கை, ஜூம் பண்றப்ப சதுரம் சதுரமா கட்டம் தெரிஞ்சா அது மாவு மணி இல்ல, ஃபைலைச் சுருக்கினதால வந்த கட்டம். மாவுக்கு வரிசையே கிடையாது, ஒழுங்கா ஏதாவது தெரிஞ்சா சந்தேகப்படுங்க. தனித்தனி மணியே தெரியணும்னா ஒரு இன்ச்சுக்கு 4000 புள்ளிக்கு மேல வச்சு ஸ்கேன் பண்ணியிருக்கணும், நமக்குக் கிடைக்கிற ஃபைல்ல பெரும்பாலும் அந்த மணிக்கூட்டம்தான் தெரியும், அது போதும்.

இப்ப சிவப்பு டிரெஸ் முடிஞ்சு கல்லு ஆரம்பிக்கிற ஓரம். எனக்கு முழுப் படத்துலயும் ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். ஒரு மூணு விரல் அகலத்துக்கு அந்த ஓரம் மட்டும் ஸ்கிரீன்ல நிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. சிவப்புப் பக்கம் பாருங்க, அங்க மூணுல ஒரு பங்கு மணிதான் திறந்திருக்கு, மிச்சம் ரெண்டு பங்கு கருப்பா மூடிக் கிடக்கு, அதனாலதான் அந்தச் சிவப்பு ஆழமா, கனமா, துணி மடிப்புக்குள்ள போகப் போக இருண்டுட்டு வருது. கல்லுப் பக்கம் மூணு கலரும் ஏறக்குறைய சமமா, பாதி பாதி திறந்து கிடக்கு, அதான் சாம்பல். ரெண்டுக்கும் நடுவுல கோடுன்னு ஒண்ணு கிடையாது. சிவப்பு மணி ரெண்டு கல்லுப் பக்கம் தெறிச்சு நிக்கும், பச்சை ஒண்ணு துணிக்குள்ள நுழைஞ்சிருக்கும், நம்ம கோலத்துல கரைப் பொடி பக்கத்துக் கட்டத்துல சிந்துற மாதிரி. கிட்டத்துல இவ்வளவு சிதறலா இருக்கிற ஓரம் தள்ளி வந்தா துணியோட ஓரமாவே, மெத்துன்னு நிக்குது. துணியோட சொரசொரப்புல எவ்வளவு நெசவோடது, எவ்வளவு மாவோடதுன்னு பிரிச்சுப் பார்க்க முயற்சி பண்ணுங்க, மடிப்போட திசைல ஓடுறது துணியோடது, எல்லா திசைலயும் ஒரே மாதிரி இருக்கிறது மாவோடது. வானத்துலயும் அதே பொரபொரப்பு இருக்கும், அதைப் பார்த்துட்டு வந்தா துணில சுலபமா பிரிச்சிடலாம்.

இன்னொரு விஷயம் நேரம். ஆட்டோக்ரோம் ரொம்ப மெதுவான பிளேட், போதாததுக்கு லென்ஸ் மேல மஞ்சள் ஆரஞ்சு ஃபில்டர் ஒண்ணு போட்டே ஆகணும், ஏன்னா எமல்ஷனுக்கு நீலம்னா ரொம்ப உணர்ச்சி அதிகம். நல்ல வெயில்லயே ஒரு செகண்ட் கிட்ட அசையாம நிக்கணும். அதை மனசுல வச்சுக்கிட்டு படத்துல எது சொரசொரப்பா இருக்கு, எது வழவழப்பா இருக்குன்னு பாருங்க. கல்லு அசையாது, அதனால கல்லு கல்லாவே இருக்கு. கடல் நிக்கவே நிக்காது, அதனால அலை எல்லாம் கரைஞ்சு ஒரே பூச்சா ஆயிடுது, லென்ஸை நல்லா திறந்து வச்சதால பின்னாடி இருக்கிறது ஃபோகஸ்லயும் இல்ல. முடி ரெண்டுக்கும் நடுவுல, தலையோட ஒட்டின இடத்துல இழை தெரியும், விரிஞ்சு கிடக்கிற நுனில புகை மாதிரி ஆகும், அந்த ஒரு செகண்ட்ல காத்து அடிச்ச இடம் அது. மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரு 16 வயசுப் பொண்ணு, தலைமுடி மட்டும் அவ பேச்சைக் கேக்கல.

கலர் என்ன வேலை பார்க்குதுன்னு தெரியணும்னா கலரை எடுத்துப் பாருங்க. போன் எடிட்டர்ல சாச்சுரேஷனை ஜீரோவுக்கு இறக்குங்க. அந்தச் சிவப்பு ஒரு சாதாரண இருட்டுச் சாம்பலா இறங்கி, அவ்வளவு நேரம் கத்திட்டு இருந்த டிரெஸ் சத்தமில்லாம அடங்கிடும், முகமும் வானமும்தான் கண்ணை இழுக்கும். அப்படியே மெதுவா சாச்சுரேஷனை ஏத்திட்டு வாங்க. பொண்ணு முன்னாடி வர்றது கண்ணு முன்னாடியே நடக்கும். கருப்பு வெள்ளைல எடுக்கிறவங்க வெளிச்சத்தையும் நிழலையும் வச்சு ஆளை முன்னாடி கொண்டு வருவாங்க, ஓ'கார்மன் அந்த வேலையைச் சிவப்புகிட்ட விட்டுட்டாரு, வெளிச்சம் அங்க சும்மா பரவலா, மென்மையாத்தான் விழுது.

ஆட்டோக்ரோமோட குணம் நல்லா பிடிபடணும்னா வேற ரெண்டு வகை கலரோட பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணு நம்ம வீட்லயே இருக்கும். எங்க ஆச்சியோட கல்யாண போட்டோ, கருப்பு வெள்ளைல எடுத்து ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷால கலர் கொடுத்தது, உதட்டுக்கு ரோஸ், சேலைக் கரைக்கு தங்க மஞ்சள், கன்னத்துல கொஞ்சம். கிட்டப் போய்ப் பார்த்தா போட்டோவோட டெக்ஸ்சர் அடியில தனியா இருக்கும், கலர் அது மேல படுத்திருக்கும், பிரஷ் போன திசை தெரியும், உதட்டு ரோஸ் ஒரு நூல் அளவு ஓரத்தைத் தாண்டியிருக்கும். அந்தக் கலரை ஒரு மனுஷன் தீர்மானிச்சிருக்காரு, சேலை உண்மைலயே அந்தக் கலரான்னு படத்தைக் கேட்டா பதில் வராது. எனக்கு அதுவும் உயிருதான், ஆனா அது வேற கலை.

இன்னொண்ணு ரஷ்யாக்காரர் செர்கேய் புரொகுதின்-கோர்ஸ்கியோடது. 1911-ல, மத்திய ஆசியால புகாராங்கிற நாட்டை ஆண்ட அமீர் அலிம் கானை அவர் எடுத்த போர்ட்ரெய்ட்டைத் தேடிப் பாருங்க, பூப்போட்ட நீல அங்கி, இடுப்புல வாள். அவர் நீலம், பச்சை, சிவப்பு மூணு ஃபில்டர் வழியா ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூணு தடவை எடுப்பாரு, மூணையும் சேர்த்தாதான் கலர். அதுல மாவும் கிடையாது மணியும் கிடையாது, அங்கி பூ ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி கூர்மையா நிக்கும். ஆனா மூணு தடவைக்கு நடுவுல ஏதாவது அசைஞ்சா கலர் பிரிஞ்சிடும், அவரோட மத்த படங்கள்ல ஓடுற தண்ணி ஓரத்துல சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியா நெளிஞ்சு நிக்கும். ஆட்டோக்ரோம்ல மூணு கலரும் ஒரே நேரத்துல விழுறதால கிறிஸ்டினாவோட முடி நுனி மங்கும், ஆனா கலர் பிரியாது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தா, அமீர் அங்கி தொட்டா வழுக்கும்னு தோணும், கிறிஸ்டினா டிரெஸ் தொட்டா சூடா இருக்கும்னு தோணும். எனக்கு எப்பவும் அப்படித்தான் தோணுது.

சேதத்தையும் கலரா நினைச்சு ஏமாறக் கூடாது, அதையும் சொல்லிடுறேன். பச்சைச் சாயம் தண்ணில கரையும், அதனால பிளேட்ல ஈரம் இறங்கினா பளிச்னு வட்டமா பச்சைப் புள்ளி பரவும், படத்துல இருக்கிற எந்தப் பொருளுக்கும் சம்பந்தமில்லாம தோள்ல பாதி வானத்துல பாதின்னு நிக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம். எமல்ஷன் உரிஞ்ச இடத்துல படம் போய் வெறும் மாவுத் திரை மட்டும் தெரியும், அந்த மாதிரி கீறல் கிடைச்சா விடாதீங்க, ஜூம் பண்ணுங்க, மூணு கலரும் மறைப்பில்லாம கிடக்கிறதைப் பார்க்க அதை விட நல்ல இடம் இல்ல. வெளிச்சம் பட்டுப் பட்டு சாயம் வெளுத்துடும்ங்கிறதால மியூசியங்கள்ல ஒரிஜினல் பிளேட்டை பெரும்பாலும் வெளிய வைக்கிறதில்ல, காப்பிதான் வைப்பாங்க, அதனால வீட்ல உக்காந்து ஸ்கேன்ல பார்க்கிறோமேன்னு குறைப்பட வேண்டியதே இல்ல.

கிறிஸ்டினாவை நல்லா பழகினதும் அடுத்ததா அதே 1913-ல, அயர்லாந்துல, கால்வே பக்கத்துல கிளாடாங்கிற மீனவக் குப்பத்துல எடுத்த ஆட்டோக்ரோம்களுக்குப் போங்க. மார்கரீத் மெஸ்புலே, மதலேன் மின்யோன்னு ரெண்டு பெண்கள் பிரான்ஸ்ல இருந்து போய் எடுத்தது, ஆல்பேர் கான்ங்கிற பேங்கர் உலகம் முழுக்க ஆள் அனுப்பிச் சேர்த்த சுமார் 72,000 ஆட்டோக்ரோம்கள்ல அதுவும் சேர்ந்தது, பாரிஸ் பக்கத்துல அவர் பேர்லயே இருக்கிற மியூசியத்தோட தளத்துல கிடைக்கும். அங்கயும் ஒரு பொண்ணு சிவப்புல நிக்குது, ஆனா இது வீட்டுக் கம்பளித் துணி, பல மழை பார்த்த சிவப்பு, பின்னாடி ஊர்ச் சுவர். அதே மாவு, அதே ஆரஞ்சு மணி, அதே வருஷம். ரெண்டு சிவப்பையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு, தோள் மடிப்புல ஆரம்பிச்சுப் பாருங்க.